ஊற்றிக் கொடுத்தவர் சாட்சி

பெரம்பலூர் மாவட்ட மின்மோட்டார், பம்புசெட் மற்றும் உதிரிபாக விற்பனையாளர் சங்கத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. சந்தா பற்றி ஒரு விதி இருக்கிறது. யாரும் அதைப் பொருட்படுத்தியதில்லை. கொடியேற்றுவது பற்றி ஒரு விதி இருக்கிறது. சங்கத்துக்குக் கொடி கிடையாது. எல்லா உறுப்பினர்களும் மனப்பாடமாகச் சொல்லக்கூடிய விதி ஒன்றே ஒன்றுதான்:

‘போதையில் பேசிய பேச்சு சங்க நடவடிக்கையில் சேராது. ஆனால், பேசியவர் போதையில் இருந்தார் என்பதற்கு ஊற்றிக் கொடுத்தவர் சாட்சி சொல்ல வேண்டும்.’

இதன் முதல் பாதி இந்தப் பக்கத்துப் பஞ்சாயத்துகளில் எப்போதும் உள்ள வழக்கம். ராத்திரி என்ன பேசியிருந்தாலும், விடிந்ததும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து “தண்ணியில இருந்தேங்க” என்று சொன்னால் போதும், விட்டுவிடுவார்கள். சங்கத்தின் முதல் ஆண்டு விழா விருந்தில் ஜெயங்கொண்டம் குருநாதன் பொருளாளரைத் திருடன் என்று சொன்னபோதும் அப்படித்தான் விட்டார்கள். ஆனால் அடுத்த கூட்டத்தில் மூன்று பேர் சோடா மட்டும் குடித்துவிட்டு அதே பொருளாளரை அதே வார்த்தையால் திட்டி, “நாங்களும் தண்ணியிலதான் இருந்தோம்” என்றார்கள். அன்றைக்குத்தான் தலைவர் நல்லுசாமி இரண்டாவது பாதியைச் சேர்த்தார். தம்முடைய பொதுவாழ்வில் அதுவே மிகப் பெரிய சாதனை என்பது அவர் எண்ணம். “வக்கீலுக்குப் படிச்சவன்கூட இப்படி ஓட்டையில்லாம எழுத முடியாதுய்யா” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்வார்.

கடை பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். பெயர்ப்பலகையில் கடையின் பெயர் சிறியதாகவும் ‘மாவட்டத் தலைவர்’ என்பது பெரியதாகவும் இருக்கும். பெரம்பலூர் தனி மாவட்டமான 1995இலேயே சங்கத்தையும் தொடங்கி, நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்பது அரியலூர்க்காரர்களின் வருத்தம். துணைத்தலைவர் செல்லதுரை அரியலூர். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் இதைக் கிளப்புவார்.

“ரயில் எங்க ஊர்ல நிக்குது. சிமெண்டு எங்க பக்கம் வேவுது. கலெக்டரைத்தான் ஒங்க ஊருக்குக் குடுத்துட்டோம். தலைவர் பதவியையாவது விட்டுத் தரக் கூடாதாண்ணே?”

“தரலாம் தம்பி, தரலாம். காலம் வரட்டும்” என்பார் நல்லுசாமி. காலம் தம்மைக் கேட்காமல் வராது என்பது அவருடைய நம்பிக்கை.

1998 ஏப்ரலில் கோயமுத்தூர் மோட்டார் கம்பெனி ஒன்று, அதிகம் விற்ற டீலர்களை ஷார்ஜாவுக்கு கிரிக்கெட் பார்க்க அழைத்துப் போவதாக அறிவித்தது. அந்த வருடம் ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் கீழே போய்விட்டதால், இருந்த மோட்டாரைத் தூக்கிவிட்டுப் பெரிய மோட்டார் போட்டார்கள். நிலத்தடி நீர் இறங்க இறங்க நல்லுசாமி ஏறினார். செல்லதுரையும் குருநாதனும் இன்னும் சில டீலர்களும் பட்டியலில் இருந்தாலும், தமிழ்நாடே தம்மைத்தான் ஷார்ஜாவுக்கு அனுப்புகிறது என்று அவர் எடுத்துக்கொண்டார்.

கிரிக்கெட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, அது நடக்கிற அன்றைக்குக் கடைக்கு ஆள் வராது என்பது மட்டும். ஆனால் டிவியில் ஆஸ்திரேலிய மைதானங்களைப் பார்த்திருந்தார். வெள்ளைக்காரர்கள் சட்டையில்லாமல் கையில் நுரை வழியும் குவளையோடு உட்கார்ந்திருப்பார்கள். அதிலிருந்து ஒரு கொள்கையை உருவாக்கி, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வெளியிட்டார்.

“கிரிக்கெட்டுங்கிறது வெளியூரு போயி பாக்குற ஆட்டம்யா. எந்த ஊருக்குப் போறமோ அந்த ஊரு பீரை டேஸ்ட் பண்ணணும். ரன்னு என்ன ரன்னு, எவன் வேணாலும் அடிப்பான். ஷார்ஜா பீரு எப்படி இருக்கும்னு பெரம்பலூர்ல எவனுக்காவது தெரியுமா?”

பக்கத்து பெஞ்சில் அப்துல் ஹாதி டீ குடித்துக்கொண்டிருந்தார். லெப்பைக்குடிக்காட்டுக்காரர்; ஷார்ஜாவில் வருடக்கணக்காக வேலை பார்த்துத் திரும்பியவர். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருக்கிற ஊர் அது. ஷார்ஜாவில் மது கிடையாது, கொண்டுவந்தாலே ஜெயில் என்பது அங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அப்துல் ஹாதி வாயைத் திறந்தார். பிறகு, போன மாதம்தான் எரிந்துபோன தன் மோட்டாருக்குக் காயில் கட்டித் தராமல் நல்லுசாமி நாலு தடவை அலையவிட்டதை நினைத்துக்கொண்டார். மீதி டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

நல்லுசாமியின் சொந்தக் குடி வரலாறு சின்னது. வருடத்துக்கு ஒரு தரம் திருச்சியில் டீலர் மாநாடு நடக்கும். அங்கே ஒரு குவளையை வாங்கி, விருந்து முடியும் வரை கையில் பிடித்திருப்பார். ஒரே ஒரு தடவை அதில் பாதியைக் குடித்தார். மேடைக்குப் பின்னால் ஜமுக்காளத்தில் படுத்திருந்தவரை மறுநாள் காலை எழுப்பினார்கள். அதன் பிறகு பிடிப்பதோடு சரி. வீட்டில் மனைவி சம்பூர்ணத்தம்மாளுக்கு அந்த வாசனையே ஆகாது. ஆனால் ஊருக்குத் தெரிந்த நல்லுசாமி வேறு. “நமக்கு எத்தனை போனாலும் பேச்சு கொழறாது” என்று அந்த நல்லுசாமி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஷார்ஜாவில் இறங்கிய முதல் நாள் முழுக்க பீர் வரவில்லை. நல்லுசாமி யாரிடமும் கேட்கவில்லை. பீர் எங்கே கிடைக்கும் என்று தலைவர் கேட்பது அழகல்ல; தலைவர் இருக்கிற இடத்துக்கு அது வர வேண்டும்.

மறுநாள் மைதானத்துக்கு அது வந்தது. கொண்டுவந்தவர் காதர் பாட்சா.

காதர் பாட்சா லெப்பைக்குடிக்காட்டுக்காரர், ஷார்ஜாவில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருந்தார். ஊரில் வெள்ளாற்றங்கரையில் அவருடைய தென்னந்தோப்புக்கு மோட்டார் போட்டவர் நல்லுசாமிதான். ஊர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு சட்டி பிரியாணியும் ஒரு பெரிய ஐஸ் பெட்டியும் தூக்கிக்கொண்டு கேலரிக்கே வந்துவிட்டார்.

“வெயிலு கொளுத்துதுண்ணே. இந்தாங்க, ஜில்லுனு ஒண்ணு உள்ள போவட்டும்.”

பச்சை டின். மேலே அரபு எழுத்து. ஓரமாக இரண்டு தானியக் கதிர் வரைந்திருந்தது. அதன் கீழே இங்கிலீஷிலும் பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. ஆனால் வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் போட்டால் வயது தெரிந்துவிடும் என்று நல்லுசாமி அதை லாட்ஜிலேயே விட்டுவந்திருந்தார். மூடியை இழுத்தார். உஸ்ஸென்றது. நுரை பொங்கி விரலில் வழிந்தது. அவர் செல்லதுரையை ஒரு பார்வை பார்த்தார்.

“லோக்கலா பாய்?”

“லோக்கல்தாண்ணே. இங்க எல்லா வூட்லயும் இதான்.”

“எல்லா வூட்லயுமா?” அரபு தேசத்தின் முன்னேற்றம் நல்லுசாமியை வியக்க வைத்தது.

“ஆமாண்ணே. பிள்ளைங்கதான் ரொம்பக் கேக்கும். லெமன் இருக்கு, ஆப்பிள் இருக்கு, ஸ்ட்ராபெரி இருக்கு. ஒண்ணொண்ணா பாருங்க.”

“பிள்ளைங்களுமா!” என்றார் நல்லுசாமி. பிறகு, உலகம் சுற்றியவர் எதற்கும் அதிர்ச்சி அடையக் கூடாது என்று முகத்தைச் சரிசெய்துகொண்டார்.

லெமனைக் குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். “எறங்குறப்ப ஒண்ணுமே தெரியல பாரு. அடியில போயித்தான் புடிக்குது.” ஆப்பிளுக்கு, “இது பொறுமையா வேலை காட்டுற ரகம்” என்றார். ஸ்ட்ராபெரி வந்தபோது டீலர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இது பொம்பளைங்க சரக்கு மாதிரி இருக்கும். நம்பிடாதீங்க. ஆளைச் சாய்ச்சிரும்.” உடனே டீலர்களும் எச்சரிக்கையோடு ஸ்ட்ராபெரியை எடுத்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் குருநாதன் செத்துப்போன தன் அம்மாவை நினைத்து அழ ஆரம்பித்தார்.

செல்லதுரைக்குச் சர்க்கரை வியாதி. டாக்டர் எதையும் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் காதர் பாட்சாவைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போய்க் கேட்டார்.

“பாய், இதுல சரக்கு எத்தனை பர்சென்ட்டு?”

காதர் பாட்சா இரண்டு காதையும் தொட்டுக்கொண்டார். “அஸ்தஃபிருல்லா! என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க? இது பார்லித் தண்ணி. சீனி போட்டு கேஸு அடைச்சது. சரக்கை வெச்சிருந்தா இந்த ஊர்ல தூக்கி உள்ள போட்டுருவான்.”

“அப்படியா?” என்றார் செல்லதுரை. திரும்பிப் போய் நல்லுசாமிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். “பாய், அண்ணன் கை காலியா இருக்கு பாருங்க. இன்னொரு ஆப்பிள் குடுங்க” என்றார்.

இந்தியா பேட்டிங் செய்துகொண்டிருந்தது. விளக்குகள் எல்லாம் எரிந்தன. திடீரென்று மைதானத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பழுப்பு நிறத்தில் ஒரு சுவர் எழும்பி வந்தது. பாலைவனத்து மணல் காற்று. விளக்குகள் மங்கின, எதிரே இருந்த கேலரி காணாமல் போனது, ஆட்டக்காரர்கள் புல்தரையில் குப்புறப் படுத்துக்கொண்டார்கள். ஜனங்கள் முகத்தைத் துண்டால் மூடினார்கள். நல்லுசாமி மூடவில்லை. தாம் எதிர்பார்த்தது வந்துவிட்டது என்று அவருக்குத் தெரிந்தது.

“செல்லதொர... எல்லாம் மஞ்சளாத் தெரியுதுய்யா.”

“தெரியும்ணே.”

“தலை கிர்ர்ருனு சுத்துது. லைட்டெல்லாம் ஆடுது.”

“ஆடும்ணே.”

“அங்க பாரு! ப்ளேயரெல்லாம் படுத்துட்டானுங்க. அவனுங்களுக்கும் ஏறிருச்சு!”

காற்று அடங்கி ஆட்டம் மறுபடியும் தொடங்கியது. நம் ஆள் ஒருவர் தனியாளாக நின்று விளாசினார். கடைசியில் இந்தியா தோற்றது. ஆனால் கேலரி முழுக்க எழுந்து நின்று ஆடியது. நல்லுசாமியும் ஆடினார். சிறிது நேரம் கழித்துத்தான் சந்தேகம் வந்தது.

“தோத்துட்டோம்னு போட்டிருக்கான். ஏன்யா ஆடுறோம்?”

“தோத்தாலும் பைனல் போயிட்டோம்ணே. அதுக்குன்னு ஒரு ரன் கணக்கு இருக்கு, அதைத் தாண்டுனாப் போதும்” என்றார் காதர் பாட்சா.

“தோத்தாலும் பைனலா!” நல்லுசாமி அந்தத் தத்துவத்தில் அப்படியே உறைந்துவிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாதி மணலால், பாதி தத்துவத்தால். செல்லதுரையை இழுத்துக் கட்டிக்கொண்டார். “தம்பி, பெரம்பலூரு என்ன, அரியலூரு என்ன? எல்லாம் மண்ணுதான்யா. நான் விட்டுக் குடுத்துட்டேன். அடுத்த தலைவர் நீதான். நான் தோத்துட்டு பைனலுக்குப் போறேன்!”

டீலர்கள் அத்தனை பேரும் கை தட்டினார்கள். குருநாதன் மறுபடியும் அழுதார்.

ஊர் திரும்பியபோது திருச்சி ரோட்டில் பாடாலூரிலேயே கார்களை நிறுத்தி மாலை போட்டார்கள். பெரம்பலூர் சுவர்களில் ‘ஷார்ஜா கண்ட செம்மலே வருக’ என்று போஸ்டர் ஒட்டியிருந்தது. வாசகம் நல்லுசாமி போகும்போதே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனது. பத்து நாளைக்குக் கடையில் மோட்டார் விற்கவில்லை, ஷார்ஜா பீர்தான் ஓடியது. “ஆப்பிள் பீர் ஒண்ணு இருக்கு...” என்று ஆரம்பித்தால் கேட்பவர்கள் எச்சில் விழுங்குவார்கள்.

வீட்டில் மட்டும் அதற்கு மரியாதை இல்லை. சம்பூர்ணத்தம்மாள் புருஷனோடு பேசுவதை நிறுத்திவிட்டு, சுவரோடு பேசத் தொடங்கினார். “சோறு ஆறுதுன்னு சொல்லு. கண்டதை எல்லாம் குடிச்சுட்டு வந்த பெரிய மனுசனுக்கு ரசம் போதுமான்னு கேளு.” சுவர் பதில் சொல்லவில்லை. நல்லுசாமி தாமே ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

பதினோராம் நாள் செல்லதுரை பொன்னாடையோடு வந்தார்.

“அண்ணே, வர்ற பொதுக்குழு அரியலூர்ல. பொறுப்பை அங்கயே வெச்சு ஒப்படைச்சுடலாமா?”

நல்லுசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார். “தம்பி, அது தண்ணியில சொன்னது. சங்கச் சட்டம் ஞாபகம் இருக்குல்ல? போதையில பேசுனது சேராது.”

“நல்லா ஞாபகம் இருக்குண்ணே. ரெண்டாவது பாதியும் ஞாபகம் இருக்கு.” செல்லதுரை பொன்னாடையை மடித்து மேஜைமேல் வைத்தார். “ஊத்திக் குடுத்தவர் சாட்சி. காதர் பாட்சா பாய் மக நிக்காஹுக்கு ஊருக்கு வந்திருக்காரு. கூட்டத்துக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. அண்ணன் போதையில இருந்தாருன்னு அவரு சொல்லிட்டா, நான் துணைத்தலைவராவே கெடந்துக்கிறேன்.”

அவர் அவ்வளவு பணிவாகச் சொன்னது நல்லுசாமிக்குப் பிடித்திருந்தது. பிடித்திருக்கக் கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது.

அன்று மாலையே லெப்பைக்குடிக்காட்டுக்குப் போனார். வீட்டு வாசலில் பந்தல்கால் நட்டுக்கொண்டிருந்தார்கள். காதர் பாட்சா ஓடி வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

“ஹுஸ்னா நிக்காஹுக்கு நீங்க வராம எப்படிண்ணே. நானே நேர்ல வந்து கூப்பிடணும்னு இருந்தேன்.”

நல்லுசாமி விஷயத்தைச் சொன்னார். “பெருசா ஒண்ணும் இல்ல பாய். நீங்க குடுத்த பீரைக் குடிச்சு நான் போதையில இருந்தேன்னு கூட்டத்துல ஒரு வார்த்தை சொல்லணும். அவ்வளவுதான்.”

காதர் பாட்சாவின் முகம் மாறியது. வாசலைப் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“என்ன பீருண்ணே?”

“ஆப்பிள் பீரு. லெமன் பீரு.”

“அண்ணே, அது பீரு இல்ல. பார்லி ஜூஸு. அதுல ஒரு சொட்டு சரக்கு கெடையாது.”

நல்லுசாமி சிரித்தார். காதர் பாட்சா சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

“அப்ப எனக்குத் தலை சுத்துனது?”

“மணல் காத்துண்ணே.”

“எல்லாம் மஞ்சளாத் தெரிஞ்சது?”

“எல்லாருக்கும் மஞ்சளாத்தான் தெரிஞ்சது. மணலு அப்படித்தான் இருக்கும்.”

“ப்ளேயருங்க படுத்தது?”

“காத்துக்குப் படுத்தானுங்கண்ணே.”

நல்லுசாமி சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். மறுபடியும் தலைவராகப் பேசினார். “சரி பாய். நடந்தது நடந்துபோச்சு. ஒரு பேச்சுக்கு பீருன்னு சொல்லிடுங்க. என்ன கொறைஞ்சு போவுது?”

“என்னண்ணே இப்படிச் சொல்றீங்க! நான் அஞ்சு வேளை தொழுவுறவன். இன்னும் மூணு நாள்ல மக நிக்காஹு. ஷார்ஜாவுல உக்காந்து பத்துப் பேருக்கு பீரு ஊத்திக் குடுத்தேன்னு மைக்குல நானே சொல்லணுமா? மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பந்தல்காலைப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. ஜமாத்துல என்னைய நிக்க வெச்சுருவாங்க.”

உள் கதவுக்குப் பின்னாலிருந்து காதர் பாட்சாவின் மனைவி பாத்திமா பீவியின் குரல் வந்தது. “அண்ணனுக்கு வேணும்னா, நீங்க ஜூஸுதான் குடுத்தீங்க, அண்ணனுக்கு அதுலயே போதை வந்துருச்சுன்னு சொல்லிடுங்க. அது பொய்யில்லையே.”

“நீ சும்மா இரு புள்ள” என்றார் காதர் பாட்சா. ஆனால் அந்த யோசனை அறையை விட்டுப் போகவில்லை. பெரம்பலூர் மாவட்டத் தலைவர், பிள்ளைகள் குடிக்கிற ஆப்பிள் ஜூஸைக் குடித்துவிட்டு மயங்கி, நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார். நல்லுசாமி அதை ஒரு முறை மனதுக்குள் போஸ்டராக அடித்துப் பார்த்தார். உடனே கிழித்துப் போட்டார்.

பாத்திமா பீவி ஒரு டம்ளரில் நன்னாரி சர்பத் கொடுத்தனுப்பினார். நல்லுசாமி அதை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தார்.

வீட்டுக்கு வந்ததும், உலகத்தில் ஒரே ஒருவரிடமாவது இந்த உண்மை உதவட்டும் என்று சம்பூர்ணத்தம்மாளிடம் சொன்னார். அம்மாள் சுவரை விட்டுவிட்டுப் பல நாளைக்குப் பிறகு அவர் பக்கம் திரும்பினார்.

“அப்ப நீங்க குடிக்கவே இல்லையா?”

“இல்ல.”

“வெறும் மணலுக்கா அந்த ஆட்டம் ஆடுனீங்க?”

“ஆமாங்கிறேன்ல.”

சம்பூர்ணத்தம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் போய் அவருக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்தார். நல்லுசாமிக்குக் குழம்பு ருசித்தது, சிரிப்பு ருசிக்கவில்லை.

பொதுக்குழு அரியலூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் காலையில் கூடியது. மேடையில் நடுநாற்காலி நல்லுசாமிக்கு. செல்லதுரை அழைத்து வந்திருந்த காதர் பாட்சா வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். கூட்டம் தொடங்கும் முன்பே குருநாதன் மேடைக்கு ஏறி வந்து நல்லுசாமியின் காதருகில் குனிந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணே, செல்லதொர இப்பத்தான் சொன்னான். அது... ஜூஸாமே?”

“மெதுவாப் பேசு.”

“பாய் வாயைத் தொறந்தாருன்னா நீங்க மட்டும் இல்லண்ணே, ஷார்ஜா போன அத்தனை பேரும் காலி. நான் எங்க மச்சான்கிட்ட ஏழு பீர் போட்டேன்னு சொல்லிருக்கேன். வாந்தி எடுத்ததைக்கூடச் சொல்லிட்டேண்ணே. அந்த நாக்காலியக் குடுத்துருங்க. நாங்க ஒங்களைத் தலையில தூக்கி வெச்சுக்கிறோம்.”

நல்லுசாமி சபையைப் பார்த்தார். ஷார்ஜா போய்வந்தவர்கள் அங்கங்கே உட்கார்ந்து அவரைக் கும்பிடாத குறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போகாதவர்கள் சாட்சிக்காகக் காத்திருந்தார்கள். அவர் முன்னால் இரண்டு நல்லுசாமிகள் நின்றார்கள். ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்த நல்லுசாமி. ஆனால் அவர் ஆப்பிள் ஜூஸுக்கு மயங்கியவர். இன்னொருவர் நாற்காலி இல்லாத நல்லுசாமி. ஆனால் அவர் ஷார்ஜா பீர்களை ஒன்றுவிடாமல் ருசித்தவர்.

செல்லதுரை மைக்கைப் பிடித்தார். “இப்ப, விதிப்படி, ஊத்திக் குடுத்தவர்...”

“தம்பி, இரு.” நல்லுசாமி எழுந்து மைக்கை வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமினார்.

“பெரியோர்களே. நான் போதையில பேசிட்டேன்னு சிலர் சொல்றாங்க. நானும் ஒரு பணிவுக்காக அப்படிச் சொல்லியிருப்பேன். ஆனா என்னைப் பத்தித் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். லெமன் போட்டேன். ஆப்பிள் போட்டேன். ஸ்ட்ராபெரியும் போட்டேன். பக்கத்துல இருந்தவங்க அழுதாங்க, சாஞ்சாங்க. நான் ஆடல, அசையல. எத்தனை பீர் போனாலும் இந்த நல்லுசாமி தெளிவு கலையாது! தெளிவோடதான் சொன்னேன், தெளிவோடதான் தர்றேன். அரியலூருக்கு நான் தர்ற அன்பளிப்பு இந்த நாக்காலி!”

மண்டபம் அதிர்ந்தது. ஷார்ஜாக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். குருநாதன் வழக்கம்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வந்ததற்காக இரண்டு வார்த்தை பேசட்டும் என்று காதர் பாட்சாவை மேடைக்கு அழைத்தார்கள். அவர் மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றார்.

“நான் சாட்சி சொல்ல வந்தேன். சொல்லிடறேன். அல்லா அறிய, அன்னைக்கு அண்ணன் முழுத் தெளிவோடதான் இருந்தாரு.”

மறுபடியும் கைதட்டல். அன்றைய கூட்டத்தில் சொல்லப்பட்ட ஒரே உண்மை அது. அதற்குத்தான் அதிகமான கைதட்டலும் கிடைத்தது. காதர் பாட்சா நிக்காஹ் வேலை இருக்கிறது என்று உடனே இறங்கிப் போய்விட்டார்.

நல்லுசாமிக்கு ‘நிரந்தர கௌரவத் தலைவர்’ பட்டம் கொடுத்தார்கள். தோற்றாலும் பைனல் என்று அவர் ஆறுதல்பட்டுக்கொண்டு இறங்கும்போது புதிய தலைவர் செல்லதுரை கையைப் பிடித்தார்.

“அண்ணே, மதியச் சாப்பாடு நம்ம ஏற்பாடு. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பார் இருக்கு. எத்தனை போனாலும் அசையாத ஆளை வெறும் சாம்பாரோட அனுப்புனா அரியலூருக்கு மரியாதையா?”

மறுக்க வழியில்லை. மேஜையைச் சுற்றி இருபது பேர். பெரிய பீர் பாட்டில், வேர்வை வழிய வழிய நின்றது. செல்லதுரை தம் கையாலேயே குவளை நிறைய ஊற்றி நீட்டினார். இந்த முறை பிடித்துக்கொண்டே நிற்க முடியவில்லை. இருபது பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்லுசாமி குடித்தார். கசந்தது. ஷார்ஜாவில் குடித்ததுதான் பீர் மாதிரி இருந்தது என்று தோன்றியது. அடுத்த குவளைக்குப் பிறகு எதுவும் தோன்றவில்லை. மூன்றாவதில் பாதி போனதும் எழுந்து நாற்காலி மேலே ஏறினார்.

“எவன்டா தலைவரு? நான்தான் தலைவரு! நான் ஒண்ணும் குடுக்கல! காலையில சொன்னது எல்லாம் பொய்யி! பாயைக் கூப்புடு... அது ஜூஸு! எல்லாப் பயலும் ஜூஸு குடிச்சவனுங்க! குருநாதா, நீ ஜூஸுக்கு வாந்தி எடுத்தவன்டா!”

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் குவளைகளைக் கீழே வைத்தார்கள். குருநாதன் எழுந்து வாசலைப் பார்த்தார். செல்லதுரை மட்டும் பதறவில்லை. நல்லுசாமியின் இடுப்பைப் பிடித்து மெதுவாக நாற்காலியிலிருந்து இறக்கினார். பிறகு சபையைப் பார்த்து, இரண்டு கையையும் கூப்பினார்.

“அண்ணன் இப்ப பேசுனது எதுவும் சங்க நடவடிக்கையில சேராதுங்க. போதையில இருக்காரு. ஊத்திக் குடுத்தவன் நான். நானே சாட்சி.”

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். விதியை அவ்வளவு ஓட்டையில்லாமல் எழுதியிருந்தார் நல்லுசாமி.

பொழுது சாய்கிற நேரத்துக்குச் செல்லதுரையின் காரிலேயே பெரம்பலூரில் கொண்டுவந்து இறக்கினார்கள். குருநாதன் ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். கழுத்தில் பொன்னாடை கோணலாகத் தொங்கியது. சம்பூர்ணத்தம்மாள் வாசலுக்கு வந்தார். புருஷனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். ஒரு தரம் மூச்சை இழுத்தார். பிறகு குருநாதனிடம் நிதானமாகக் கேட்டார்:

“ஏந்தம்பி, அரியலூர்லயும் மணல் காத்தா?”